சொன்னது இருக்கட்டும்

அவர் என்னை வேலைக்கு எடுத்ததே நான் குடையை மடித்த விதத்தைப் பார்த்துத்தான். குன்னூரில் ஆடி மாத மழை. வாசலிலேயே குடையை உதறிச் சுருட்டி, நாடாவை இறுக்கிச் சுற்றிப் பட்டனைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். டைப் அடிக்கத் தெரியுமா, சுருக்கெழுத்து வருமா என்று ஒரு கேள்வி கிடையாது. "ரகசியத்தை வெளிய விடாத பொண்ணு. நாளைக்கே வந்துடு அம்மிணி" என்றார். அந்தக் குடையில் ஒரு கம்பி உடைந்திருந்தது. இறுக்கிக் கட்டாவிட்டால் பக்கத்தில் வருகிறவர் கண்ணைக் குத்தும். ரகசியம் காக்கும் லட்சணத்துக்கு, இதோ உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேனே, இதுவே சாட்சி.

பேரை மட்டும் சொல்ல மாட்டேன். அவருடைய பேரன்களும் இன்றைக்கு அவரைப்போலவே வக்கீல்களாக இருக்கிறார்கள். நோட்டீஸ் அனுப்பிவிடுவார்கள்.

குன்னூர் கோர்ட்டில் அவரைத் தெரியாத ஆள் இல்லை. கறுப்புக் கோட்டுக்கு மேலே மப்ளர், தலையில் குரங்குக் குல்லா. நீதிபதி வந்து உட்கார்ந்த பிறகுதான் குல்லாவைக் கழற்றுவார். கட்சிக்காரன் என்ன சொன்னாலும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சொன்னது இருக்கட்டும், சொல்லாதது என்னங்க?" என்பார். வரப்புத் தகராறு என்று வந்தவன் முழிப்பான். சொல்லாதது ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்வான். "இல்லைன்னு இத்தனை அழுத்திச் சொல்றீங்களே, அங்கதானுங்க இருக்குது" என்று இவர் சந்தோஷமாகக் குறிப்பு எடுப்பார்.

இந்த வியாதி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சுதந்திரம் வந்த பிறகு தோட்டங்களை விற்றுவிட்டுக் கப்பலேறிய வெள்ளைக்காரர்கள், போகிற அவசரத்தில் கட்டில், பீரோ, பீங்கான் எல்லாவற்றையும் ஏலம் விட்டார்கள். புத்திசாலிகள் தேக்கு மேஜை எடுத்தார்கள். இவர் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய மனோதத்துவப் புத்தகம் எடுத்தார். அதில் பாதி பூச்சி அரித்தது, மீதிப் பாதியில் சில நாய் வளர்ப்பைப் பற்றியவை. இவர் பாரபட்சம் பார்க்காமல் எல்லாவற்றையும் படித்து, எல்லாவற்றையும் கட்சிக்காரர்கள் மேல் பிரயோகித்தார். பேசிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று விரலைச் சொடுக்கி, எதிரே இருப்பவர் காது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பார். அது எந்தப் புத்தகத்தில் இருந்து வந்தது என்று உங்களுக்கே புரியும்.

டீக்கடையில் வர்க்கி பிஸ்கட்டை டீயில் தோய்த்துத் தின்கிறவன் மாமியார் வீட்டோடு சமாதானமாக இருப்பவன், கடித்துவிட்டு மேலே டீ குடிக்கிறவன் அப்பாவிடம் அடி வாங்கினவன். தோய்த்து, அது உடைந்து டம்ளருக்குள் விழுந்து, கரண்டி கேட்கிறவனை ஜாமீனில் விடக்கூடாது. இதையெல்லாம் விளையாட்டாகச் சொல்லவில்லை. நம்பிச் சொன்னார். நம்பித்தான் வாதாடினார்.

ஜெகதளாவிலிருந்து ஒரு ஆள் பம்புசெட் மோட்டார் திருடின கேசில் வந்தான். தான் திருடவே இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். சொன்னது இருக்கட்டும் என்று விட்டார் நம் ஆள். கோர்ட்டில் எழுந்து, தாயின் அன்பு கிடைக்காத பிள்ளை ஓடிக்கொண்டே இருக்கிற ஒரு பொருளின் மேல் எப்படி ஆசைப்படுகிறது என்று அழகாக விளக்கினார். திருடவில்லை என்கிற ஆளின் வக்கீலே அவன் ஏன் திருடினான் என்று சொல்லி முடித்ததும், மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதினார். அந்த ஆள் விலங்கோடு போகும்போது என்னைப் பார்த்து, "எங்கம்மா நல்லாத்தானுங்க பாத்துக்குச்சு, டைப்பிஸ்டம்மா" என்றான். அவனுக்கு ஜெயிலைவிட அந்தப் பேச்சுத்தான் வலித்தது.

வீட்டிலும் இதே கூத்துத்தான். ஒரு நாள் காலையில் அவருடைய சம்சாரம், "உப்பு தீந்து போச்சுங்க" என்றார்கள். இவர் ஆபீசுக்கு வந்து மத்தியானம் வரை ஒரு வேலையும் ஓடாமல் உட்கார்ந்திருந்தார். "உப்பு இல்லைங்கறா அம்மிணி. வாழ்க்கையில ருசி இல்லைங்கறா. இத்தனை வருஷம் கழிச்சுச் சொல்றாளே" என்றார். சாயங்காலம் புடவைக் கடைக்குப் போய் ஒரு மைசூர் சில்க் எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் அந்த அம்மா ஆபீசுக்கே வந்துவிட்டார்கள், புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு. "ஏம்மா, உப்பு இல்லைன்னா உப்பு இல்லைன்னுதானே அர்த்தம்? ராத்திரி ரசத்துல உப்பில்லாம சாப்பிட்டோம். போய் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வா" என்று என்னிடம் காசு கொடுத்தார்கள். உள்ளே இருந்தவர் இதைக் கேட்டுவிட்டு, "பாத்தியா, மறைக்கறா" என்றார்.

இப்பேர்ப்பட்ட மனுஷர் கையில்தான் மாரப்பனின் கழுத்து வந்து மாட்டியது.

மாரப்பன் அரவேணு பக்கத்தில் ஒரு டீ எஸ்டேட்டில் கவாத்து வேலைக்காரன். டீச் செடியை வெட்டித் தட்டையாக்குகிற வேலை. ஒரு புதன்கிழமை காலையில், வேலைக்குப் புறப்பட்டவன் கத்தியை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறான். வீட்டுக்குள் அவன் தங்கச்சி சரசுவை அவள் புருஷன் கந்தன் தலைமுடியைப் பிடித்து எரிகிற அடுப்பில் தள்ளிக்கொண்டிருந்தான். கந்தன் வேலை வெட்டி இல்லாதவன். கீழ்நாட்டிலிருந்து பெண்டாட்டி பிள்ளையோடு வந்து, எஸ்டேட் மச்சான் பேரில் கொடுத்திருந்த லைன் வீட்டிலேயே ஒட்டிக்கொண்டு, மச்சான் சம்பளத்திலேயே குடித்தவன். மாரப்பன் மூலையில் இருந்த கத்தியை எடுத்தான். ஒரே வெட்டு.

அதற்குப் பிறகு அவன் செய்ததுதான் ஊட்டி வரை பேச்சாகிவிட்டது. குழாயடியில் கத்தியைக் கழுவினான். எஸ்டேட் ஸ்டோரில் கொண்டுபோய் ஒப்படைத்தான். ஸ்டோர்க்காரர் அதை மற்றக் கத்திகளோடு மாட்டிவிட்டார். ஒரு காகிதம் வாங்கித் துரைக்கு, அதாவது எஸ்டேட் மேனேஜருக்கு, கடிதம் எழுதி ஆபீஸ் ஜன்னலில் கிளார்க்கிடம் நீட்டினான். பிறகு பஸ் ஏறிப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், "துரைக்கு லெட்டர் குடுத்திருக்கேனுங்க, அதுல எல்லாம் இருக்குது" என்று பெஞ்சில் உட்கார்ந்தான். எந்தக் கத்தி என்று கண்டுபிடிக்க முடியாமல் போலீஸ் எல்லாக் கத்தியையும் மூட்டை கட்டிக்கொண்டு போனது. அந்த வாரம் அந்த எஸ்டேட்டில் கவாத்தே நடக்கவில்லை.

ஏழைக்கு அரசாங்கச் செலவில் வக்கீல் வைக்க வேண்டும் என்று ஊட்டி செஷன்ஸ் கோர்ட்டில் சொன்னபோது, மற்ற வக்கீல்கள் எல்லாம் மேஜைக்கு அடியில் செருப்புத் தேடினார்கள். இவர் மட்டும் எழுந்தார். காரணம் அந்தக் கடிதம். அதன் நகலை நான்தான் டைப் அடித்தேன். இன்றும் எனக்கு மனப்பாடம்.

"உயர்திரு துரை அவர்கள் சமூகத்திற்கு, கவாத்து வேலை மாரப்பன் கீழ்ப்படிந்து எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். ஐயா, நான் எனது மச்சான் கந்தனைக் காலையில் வெட்டிவிட்டேன். இறந்துவிட்டான். தங்கச்சியை அடுப்பில் தள்ளினபடியால் வெட்டினேன். கம்பெனிக் கத்தியைக் கழுவி ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டேன். போலீசுக்குப் போக வேண்டி இருப்பதால் எனக்கு லீவு தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் பதிலாளாக என் தங்கச்சி சரசு வேலைக்கு வரும். வீடு அதுக்கு வேண்டும். இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள மாரப்பன்."

மேலே தேதி. அங்கேதான் தூக்குக் கயிறு தொங்கியது. வெட்டு விழுந்தது புதன்கிழமை. கடிதத்தில் போட்டிருந்தது செவ்வாய்க்கிழமைத் தேதி.

அரசு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். முதல் நாளே உட்கார்ந்து நிதானமாகக் கடிதம் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் போய் வெட்டியிருக்கிறான். கத்தியைக் கழுவத் திட்டம், லீவுக்குத் திட்டம், பதிலாளுக்குக்கூடத் திட்டம். அடுப்பாவது, தள்ளினதாவது, அதெல்லாம் தங்கச்சி அண்ணனைக் காப்பாற்றச் சொல்கிற கதை. சரசுவின் கை முட்டி வரை வெந்திருந்ததைப் பற்றிக் கேட்டால், சமைக்கிற பொம்பளைக்குக் கை சுடாதா என்றார். ஆத்திரத்தில் வெட்டினான் என்றால் சில வருஷம் ஜெயில். திட்டம் போட்டு வெட்டினான் என்றால் தூக்கு. எல்லாம் அந்த ஒரு தேதியில் இருந்தது.

நம் ஆளுக்கு இதெல்லாம் மேலாக மிதக்கிற நுரை. அவர் கடித நகலை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். "ஒரு கொலைகாரனோட அடிமனசு, அதுவும் அவன் கையெழுத்துல! சீமையில இருக்கறவனுக்கே இது கிடைக்காது அம்மிணி" என்றார், லாட்டரி விழுந்தவர் மாதிரி. பிறகு சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். கத்தியைக் கழுவினது குழந்தையில் தாய் குளிப்பாட்டாத ஏக்கம். துரை என்று எழுதினது தகப்பனைத் தேடுவது. கோர்ட்டில் பார்த்த அசலில் கையெழுத்து கடைசியில் சாய்ந்திருந்தது வாழ்க்கையே சாய்ந்துவிட்டது என்பதற்கு அறிகுறி. ஜன்னல் கட்டையில் வைத்து எழுதினால் யாருடைய கையெழுத்தும் சாயும் என்று நான் சொல்லவில்லை, சொல்லியும் பிரயோஜனம் இல்லை.

தேதிக்கு வந்ததும் அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "மனசுக்குன்னு ஒரு காலண்டர் இருக்குது. கை வெட்டினது புதன்கிழமை. மனசு செவ்வாய்க்கிழமையே வெட்டிருச்சு. இதைத்தான் கடைசி வாதத்துல வைக்கப் போறேன்."

என் விரல் டைப்ரைட்டரில் நின்றுவிட்டது. "சார், முதல் நாளே மனசுல வெட்டிட்டான்னு நாமளே சொன்னா, திட்டம் போட்டான்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதுங்களா?"

"சட்டத்துக்கு மனசு புரியாது அம்மிணி. நான் புரிய வைக்கறேன்."

எனக்குப் பம்புசெட் ஆள் ஞாபகம் வந்தது. அவன் போனது ஆறு மாசம். இவன் போனால் திரும்ப மாட்டான். அன்று எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு, டைப்ரைட்டரைத் தூக்கிக் குரங்குக் குல்லா மேல் போட்டிருக்கலாம். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மனுஷர் மாரப்பனைக் காப்பாற்றத்தான் துடித்தார். லாக்கப்புக்கு வர்க்கிப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தார். தன் சொந்த ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்தார். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். நல்லவர் கையில் ஒரு ஆள் தூக்குக்குப் போவதைப் பார்ப்பதுதான் பெரிய கொடுமை.

அந்த வாரமே சரசு ஆபீசுக்கு வந்தாள். கையில் கட்டு, இடுப்பில் குழந்தை. "ஐயா, ஊட்டைக் காலி பண்ணச் சொல்றாங்கய்யா. அண்ணன் சொல்லாம கொள்ளாம வேலைக்கு வராம நின்னுட்டானாம், பேரை வெட்டப் போறாங்களாம். பேரை வெட்டிட்டா ஊடு போயிரும். இந்தக் கைக்கொழந்தையை வெச்சுக்கிட்டு நான் எங்கய்யா போவேன்?" என்று அழுதாள்.

இவர் கண்ணை மூடிக் கேட்டார். அவள் போனதும் என் பக்கம் திரும்பி, "கவனிச்சியா? ஊடு ஊடுங்கறா. ஊடுன்னா ஊடு இல்லை அம்மிணி. தாய் மடி. அண்ணனும் லெட்டர்ல வீடு வேணுங்கறான். ரெண்டு பேருக்கும் ஒரே தவிப்பு" என்றார். அதையும் டைப் அடிக்கச் சொன்னார். அடித்தேன். கட்டை விரலால் ஸ்பேஸ் பாரை அவ்வளவு பலமாக நான் என்றைக்கும் அடித்ததில்லை.

ஊட்டியில் விசாரணை. எஸ்டேட் கிளார்க்கை அரசுத் தரப்புச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். மொட்டைத் தலை, முறைப்பான ஆசாமி. தன் ஆபீஸை விட்டு இவ்வளவு தூரம் வரவழைத்ததே அவருக்கு அவமானம். மாரப்பன் காலையில் ஜன்னலில் கடிதம் கொடுத்தது, அதைத் தான் வாங்கியது, அவ்வளவுதான் அவர் சாட்சி. இதில் குறுக்கு விசாரணைக்கே வேலையில்லை. வேறு எந்த வக்கீலும் உட்கார்ந்திருப்பார்.

இவர் எழுந்தார். சாட்சியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கினார். கிளார்க் திடுக்கிட்டுப் பின்வாங்கினார்.

"ஒரு கொலைகாரனோட கடிதம் உங்க கைக்கு வருது. அந்த நிமிஷம் உங்க மனசுல என்னங்க ஓடுச்சு?"

"என்னங்க ஓடும்? ஒண்ணும் ஓடலை."

"சொன்னது இருக்கட்டும். சொல்லாதது?"

கிளார்க்குக்கு மூஞ்சி சிவந்துவிட்டது. "ஏனுங்க, ஆளைப் பைத்தியம்னு நெனச்சீங்களா? லீவு லெட்டர் வந்தா என்ன பண்ணுவேனோ அதைத்தான் பண்ணேன். தேதியைப் பாத்தேன். சரியா இருந்துச்சு. ஆணியில குத்திட்டேன். போலீஸ் வந்து கேட்டப்பறந்தான் அதுல கொலை இருக்கறதே தெரியும்!"

கோர்ட்டே சிரித்தது. நம் ஆள் சிரிக்கவில்லை. "நீங்க சின்ன வயசுல ஆணியால எதையாவது..." என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அவருக்கு அது காதிலேயே விழவில்லை. நான் பின் பெஞ்சில் எழுந்து நின்றே விட்டேன். நல்லவேளை, ஜட்ஜ் பேனாவை மேஜையில் தட்டினார்.

"கொஞ்சம் இருங்கள் வக்கீல் சார். சாட்சி, தேதி சரியாக இருந்தது என்றீர்கள். கொலை நடந்தது புதன். கடிதம் வந்தது புதன். தேதி செவ்வாய். எப்படிச் சரி?"

"முந்தின நாள் தேதி போட்டாத்தானுங்க சரி" என்றார் கிளார்க், ஜட்ஜுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற பாவனையில். "லீவை மொதல் நாளே கேக்கணும், அது எஸ்டேட் ரூல். அன்னிக்குத் தேதி போட்டு வந்தா ஜன்னல்லயே திருப்பிக் குடுத்துருவேன்."

"காலையில் காய்ச்சல் வந்தவன்?"

"அவனும் முந்தின நாள் தேதிதாங்க போடுவான். எல்லாருமே அப்படித்தானுங்க. இவன் ஒருத்தன் மட்டும் ஏன் மாத்திப் போடப் போறான்?"

ஜட்ஜ் அந்த ஆணியையே கொண்டுவரச் சொன்னார். அடுத்த நாள் ஆணி, அதில் குத்திய காகிதங்களோடு கோர்ட்டுக்கு வந்தது. ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார்கள். இன்று விடியற்காலம் மாடு செத்துவிட்டது, முந்தின நாள் தேதி. இன்று காலை பெண்டாட்டிக்குப் பிள்ளை பிறந்தது, முந்தின நாள் தேதி. வேலைக்கு வரும் வழியில் வழுக்கி விழுந்து கால் உடைந்தது, அதற்கும் முந்தின நாள் தேதி. அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். ஸ்டோர்க்காரரைக் கூப்பிட்டுக் கேட்டபோது, லீவில் போகிறவன் கத்தியை ஒப்படைத்தே ஆக வேண்டும், கழுவாமல் கொடுத்தால் தான் வாங்குவதே இல்லை என்றார். நாட்டில் அந்த எஸ்டேட் மாதிரி ரூலைக் கடைப்பிடித்த இடம் வேறு இருக்காது, கொலை செய்தவன் உட்பட.

தூக்கு இல்லை. ஆத்திரத்தில் செய்தது என்று சில வருஷ ஜெயில் தண்டனை. நம் ஆள் தன் மனக் காலண்டர் வாதத்தை வாசிப்பதற்கே இடமில்லாமல் கேஸ் முடிந்துவிட்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. ஆனாலும் வராந்தாவில் மற்ற வக்கீல்கள் கை கொடுத்தபோது, "அந்தக் கிளார்க்கோட அடிமனசைத் தட்டினேன், கொட்டிருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குல்லாவைக்கூடக் கொஞ்சம் சாய்த்து வைத்திருந்தார்.

அப்போது மாரப்பனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு வந்தது. உடம்பில் இவருடைய ஸ்வெட்டர். காலில் விழுவான் என்று எல்லோரும் விலகி நின்றோம். அவன் இவர் முகத்தைப் பார்த்து, "ஐயா, லீவு பாஸ் ஆயிருச்சுங்களா?" என்று கேட்டான்.

ஏட்டு சிரித்தார். வக்கீல்கள் சிரித்தார்கள். இவர், பழக்க தோஷம், "சொன்னது இருக்கட்டும்..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை. மாரப்பன் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தான். ஏட்டு தோளைத் தொட்டுத் தள்ளினார். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

குன்னூருக்குத் திரும்புகிற மலை ரயிலில் இவர் பையிலிருந்து கடித நகலை எடுத்தார். எத்தனையோ தடவை அடிக்கோடு போட்டு, ஓரமெல்லாம் குறிப்பு எழுதிக் கிழிந்துபோன நகல். அதை மெதுவாக, விரல் வைத்து, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை மாதிரி வாசித்தார். லவ்டேலில் ரயில் நின்றது. தலையைத் தூக்கினார்.

"அம்மிணி, இவன் லீவு கேட்டிருக்கான்."

"ஆமாங்க சார்."

"ஊடு கேட்டிருக்கான்."

"ஆமாங்க சார்."

"அந்தப் பொண்ணும் ஆபீசுக்கு வந்து ஊடுதானே கேட்டுச்சு?"

ரயில் புறப்பட்டது. குன்னூர் வரும் வரை அவர் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி இருந்தார். கோர்ட்டுக்கு வெளியே அவர் தலையை நான் முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான். பாவமாக இருந்தது.

மறுநாள் அரவேணு பஸ்ஸில் போனோம். எஸ்டேட் துரை நம்மூர்க்காரர்தான். ஆனால் வெள்ளைக்காரன் விட்டுப்போன அரை டிராயரும் நாயும் அவரிடம் இருந்தன. சரசு அந்த வாரக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவாகியிருந்தது.

"கொலைக்கு லீவா?" துரை வாய்விட்டுச் சிரித்தார். "அப்படி ரூல் இல்லையே, வக்கீல்."

"தரக்கூடாதுன்னு ரூல் இருக்குங்களா?"

"இல்லைதான். ஆனா சொல்லாம வேலைக்கு வராம நின்னவன் பேரை வெட்டறதுக்கு இருக்குது."

"அவன் எங்கங்க சொல்லாம நின்னான்? சரியான தேதி போட்ட லீவு லெட்டர் வந்துச்சு, வாங்கி ஆணியில குத்தினேன்னு உங்க கிளார்க் ஜட்ஜ் முன்னாடி சத்தியம் பண்ணியிருக்காரு. முடியாதுன்னு நீங்க இன்னிக்கு வரைக்கும் பதில் எழுதலை. லீவு கேட்டுட்டுப் போனவனுக்குப் பதிலாள் வந்தா அந்த ஊட்டுலதானே இருக்கும்? அதுவும் உங்க ரூல்தானுங்க. வேணும்னா ஜட்ஜையே கேட்டுப் பாக்கலாம். ஆணி இன்னும் கோர்ட்லதான் இருக்குது."

துரைக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆணி கதை ஏற்கனவே மற்ற எஸ்டேட் துரைகள் காதுக்கெல்லாம் போய், கிளப்பில் அவரைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். நாயைத் தடவினார். "கடைசியா கேக்கறேன், உங்களுக்கு என்னதான் வேணும்? இதுல உள்ளே ஏதாவது இருக்கா?" என்றார்.

"உள்ளே ஒண்ணும் இல்லைங்க" என்று கடித நகலை மேஜையில் வைத்தார் என் முதலாளி. "எழுதியிருக்கறதைப் படிங்க. அது போதும்."

துரை படித்தார். சிவப்புப் பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு வரி எழுதினார். அடுத்த வாரத்திலிருந்து சரசு அண்ணனுக்குப் பதிலாளாகக் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனாள். வீட்டுச் சாவி அவளிடமே இருந்தது.

இதை மாரப்பனிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மாரப்பன் கோயமுத்தூர் ஜெயிலில் இருந்தான். இவருக்கோ கீழே இறங்குகிற சாலையின் கொண்டை ஊசி வளைவு ஆகாது. குடலே வெளியே வந்துவிடும். சொந்த மச்சினிச்சி கல்யாணத்துக்கே கீழே இறங்காதவர். "பாதி வழியில எறங்கித் திரும்பி வந்துருவாரு, நீ கூடப் போம்மா" என்று அவருடைய சம்சாரம் என் கையில் எலுமிச்சம்பழமும் காகிதப் பையும் கொடுத்தார்கள். போகிற வழி முழுக்க என்ன நடந்தது என்பதை மரியாதை கருதி எழுதவில்லை.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மாரப்பன் வந்து நின்றான். முடி வெட்டியிருந்தார்கள். இவர் வெளிறிப்போய், வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"லீவு பாஸ் ஆயிருச்சு மாரப்பா. சரசு உன் பதிலாளா வேலைக்குப் போவுது. ஊடு இருக்குது."

மாரப்பன் விரலை மடக்கி எதையோ எண்ணிப் பார்த்தான். பிறகு, "எத்தனை நாளைக்குங்க?" என்று கேட்டான்.

இவர் வலையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "நீ வர்ற வரைக்கும்."

மாரப்பன் சிரித்தான். நான் அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் எலுமிச்சம்பழத்தை முகர்வதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

திரும்புகிற பஸ் மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்தது. எனக்கு வாய் அரித்தது. இத்தனை நாள் என்னை டைப் அடிக்க வைத்துப் பாடாய்ப் படுத்தினவர் அல்லவா!

"சார், மாரப்பன் ஏன் சார் அப்படிச் சிரிச்சான்?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், நான்தான் ஏதோ கோளாறான ஆள் என்பதுபோல.

"சந்தோஷத்துல சிரிச்சான் அம்மிணி. வேற எதுக்குச் சிரிப்பாங்க?" என்றவர், முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததும் காகிதப் பைக்குக் கையை நீட்டினார்.